இன்ஜினை மாற்றியமைத்தும் மைலேஜ் ஏறவில்லையா? கோளாறைத் தேடிப் பிடிக்கும் முறை

ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட் (புகைக் குழாய்), ரீமேப் (இன்ஜின் கணினியின் அமைப்புகளை மாற்றி எழுதுவது) என்று செலவழித்து முடித்தபின் மைலேஜ் அப்படியே நின்றால், அல்லது முன்பைவிடக் குறைந்தால், பலரும் அடுத்த பாகத்தை வாங்கித்தான் தீர்வு தேடுகிறார்கள். அதற்கு முன் வண்டியில் ஏற்கனவே இருக்கும் சென்சார்கள் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே சரி. மாற்றத்துக்குப் பிறகு மைலேஜ் குறைந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பாகம் மோசமாக இருக்காது. இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினியான இசியு ஏதோ ஒரு அளவைத் தவறாகப் படித்துக்கொண்டிருக்கும். எந்த அளவு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள்

சமதளத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஒரு சிறிய கார் ஓட, இன்ஜினிலிருந்து சுமார் 10 முதல் 15 குதிரைத்திறன் போதும். 100 குதிரைத்திறன் தரக்கூடிய பெட்ரோல் இன்ஜின் அந்த நேரத்தில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடான த்ராட்டில் கிட்டத்தட்ட மூடிய நிலையில்தான் ஓடுகிறது. வெளியே காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் இருக்க, த்ராட்டிலுக்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் 35 முதல் 50 கிலோபாஸ்கல்தான் இருக்கும். காற்றின் வழியில் பெரிய தடையாக நிற்பது அந்தத் த்ராட்டில் தகடு. அதற்கு முன்னால் எவ்வளவு தாராளமான ஃபில்டரைப் போட்டாலும், அதே வேகத்துக்குத் தேவையான காற்று மட்டும் உள்ளே போகும்படி தகடு இன்னும் கொஞ்சம் மூடிக்கொள்ளும். அவ்வளவுதான்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேராகவே காட்டியது. இன்றைய இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களில் அடைபட்ட ஃபில்டருக்குப் பதில் புதியதைப் போட்டால் வேகமெடுக்கும் திறன் கூடியதே தவிர, எரிபொருள் செலவு குறிப்பிடும்படி மாறவில்லை. எக்ஸாஸ்டுக்கும் இதே நியாயம்தான். முழு த்ராட்டிலில் புகை பெருகும்போது அகலமான குழாய் உதவும். சீரான பயணத்தில் வெளியேறும் புகையின் அளவுக்குப் பழைய குழாயே அதிகம்.

ஆகவே ஃபில்டரும் எக்ஸாஸ்டும் மட்டும் மாற்றியவர்களுக்கு மைலேஜ் ஏறாமல் இருப்பது கோளாறு அல்ல. குறைந்திருந்தால் அது கோளாறு. கம்ப்ரெஷன் விகிதத்தை (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பதை) கூட்டுவது, பயண வேகத்துக்கான இக்னிஷன் டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) சரியாக அமைப்பது, கடைசி கியரின் விகிதத்தை நீட்டுவது, எடையைக் குறைப்பது ஆகியவைதாம் உண்மையில் லிட்டருக்குக் கிலோமீட்டரைக் கூட்டக்கூடியவை. எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தம், பேட்டரி மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து வாயுவை உள்ளே விடும் பெட்டி போன்றவற்றை இந்தப் பட்டியலில் தேட வேண்டாம். அந்தப் பெட்டிக்கான மின்சாரமும் ஆல்டர்னேட்டர் வழியாக அதே எரிபொருளிலிருந்துதான் வருகிறது. அது திருப்பித் தருவது வாங்கியதைவிடக் குறைவு.

முதலில் அளவு சரியா என்று பாருங்கள்

டாஷ்போர்டில் காட்டும் மைலேஜை நம்பி முடிவுக்கு வராதீர்கள். அது எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தை வைத்துப் போடும் கணக்கு. இன்ஜெக்டரையோ எரிபொருள் அழுத்தத்தையோ மாற்றியிருந்தால் கணக்கின் அடிப்படையே மாறியிருக்கும். அழுத்தம் 3 பாரிலிருந்து 4 பாருக்குப் போனால், அதே நேரத்தில் பீய்ச்சும் அளவு சுமார் 15 சதவீதம் கூடும். ரீமேப்பில் இதைத் திருத்தாவிட்டால் காட்டும் எண் பொய்.

டேங்கை நிரப்பி அளப்பதுதான் நம்பகமானது. ஒரே பம்ப், வண்டி ஒரே சாய்வில் நிற்க வேண்டும், முதல் தடவை தானாக நிற்கும்போது நிறுத்திவிட வேண்டும், மேலே சொட்டுச் சொட்டாக ஏற்றக் கூடாது. ஒரு நிரப்பலில் 1 லிட்டர் கூடக்குறைய வருவது இயல்பு. 20 லிட்டர் செலவழித்து அளந்தால் அந்தப் பிழை 5 சதவீதம். நீங்கள் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கும். மூன்று நிரப்பல்களைச் சேர்த்து 90 லிட்டர் அளவுக்குக் கணக்கிட்டால் பிழை 1 சதவீதத்தை ஒட்டி இறங்கும்.

டயர் அளவு மாறியிருந்தால் ஓடோமீட்டரும் தவறாகக் காட்டும். 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ. 195/65 ஆர்15-க்கு 634.5 மி.மீ. பெரிய டயர் போட்டபின் வண்டி 102 கி.மீ. ஓடினால் மீட்டர் 100 என்றுதான் காட்டும். இல்லாத மைலேஜ் இழப்பு இரண்டு சதவீதம் இதிலேயே தோன்றிவிடும். ஜி.பி.எஸ். வைத்து 50 கி.மீ. ஓட்டி ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

எரிபொருளையும் கவனியுங்கள். எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10 சதவீதம் கலந்த பெட்ரோலில் ஏறக்குறைய 3 சதவீதமும், 20 சதவீதம் கலந்ததில் அதைப் போல் இரு மடங்கும் ஆற்றல் குறையும். மாற்றத்துக்கு முன் ஒரு வகையும் பின் இன்னொரு வகையும் போட்டிருந்தால் அந்த ஒப்பீடு செல்லாது.

ஸ்கேனரை மாட்டுங்கள்

இசியுவோடு இணைத்து நேரடித் தரவைக் காட்டும் எளிய ஓ.பி.டி. ஸ்கேனர் போதும். குளிர்ந்த இன்ஜினில் தொடங்கி, முழுச் சூடு ஏறி, நெடுஞ்சாலை வேகத்தில் பத்து நிமிடம் ஓடும்வரை பதிவு செய்யுங்கள். ஓட்டும்போது திரையைப் பார்க்காமல், பதிவைப் பிறகு பாருங்கள். பேட்டரியைக் கழற்றியிருந்தாலோ பிழைக் குறிகளை அழித்திருந்தாலோ இசியு கற்றுவைத்த திருத்தங்கள் போயிருக்கும். நகரத்திலும் நெடுஞ்சாலையிலுமாகக் கொஞ்ச நாள் ஓட்டிய பிறகே அந்த எண்களுக்குப் பொருள் உண்டு.

முதலில் கூலன்ட் வெப்பநிலை. மைலேஜ் இழப்புக்கு இதுதான் மிக எளிய காரணம், அடிக்கடி கண்ணில் படாமல் போவதும் இதுதான். இன்ஜின் குளிர்ச்சியாக ஓடட்டும் என்று 71 டிகிரியிலேயே திறக்கும் தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) போட்டவர்களும், அதைக் கழற்றியே எறிந்தவர்களும் நிறையப் பேர். பெரும்பாலான இன்ஜின்கள் 85 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. சூடு ஏறாத இன்ஜினுக்கு இசியு கூடுதல் எரிபொருளைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஆயிலும் கெட்டியாகவே இருந்து உராய்வைக் கூட்டும். நெடுஞ்சாலையில் 80-ஐத் தாண்டவில்லை என்றால் மற்ற எதையும் பார்க்கும் முன் நிறுவனம் சொன்ன அளவிலான தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். பி0128 என்ற பிழைக் குறி இதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது, குளோஸ்டு லூப். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு எரிபொருளைத் திருத்தும் நிலை அது. சூடான இன்ஜின் சீரான வேகத்தில் இருக்கும்போது ஸ்கேனர் இதைத்தான் காட்ட வேண்டும். ஓபன் லூப் என்றே நின்றால் சென்சாரோ அதன் ஹீட்டரோ வேலை செய்யவில்லை. புது ஹெடர் (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்) மாட்டும்போது சென்சாரை இன்ஜினிலிருந்து தள்ளி வைத்தால் அது சூடாக நேரமாகும். ஹீட்டர் இல்லாத பழைய ஒற்றை ஒயர் சென்சாராக இருந்தால் ஐட்லிங்கில் ஆறிப்போய் வேலை நின்றுவிடும். அங்கே ஹீட்டர் உள்ள நான்கு ஒயர் சென்சார் போட வேண்டும்.

மூன்றாவது, ஃபியூவல் டிரிம். ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற அளவு அது. குறுகிய கால டிரிம், நீண்ட கால டிரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 5 சதவீதத்துக்குள் இருந்தால் நலம். 10-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். ஒரே ஒரு எண்ணைப் பார்த்துப் பயனில்லை. ஐட்லிங்கில், 2,500 ஆர்.பி.எம்.-இல், சுமையோடு மேடேறும்போது என்று மூன்று இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐட்லிங்கில் டிரிம் கூடுதலாகவும் 2,500-இல் சரியாகவும் இருந்தால், காற்றளவு சென்சார் உள்ள இன்ஜினில் அது பெரும்பாலும் வேக்குவம் கசிவு, அதாவது சென்சார் அளக்காத காற்று மேனிஃபோல்டுக்குள் நுழைவது. கழற்றி மாட்டிய கேஸ்கெட், விரிசல் விட்ட ரப்பர் குழாய், மூடாமல் விட்ட முனை ஆகியவற்றில் தேடுங்கள். புகை விட்டுச் சோதிப்பது நல்லது. சூடான இன்ஜினில் தீப்பற்றும் ஸ்பிரேயை அடித்துப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. மேனிஃபோல்டு அழுத்தத்தை மட்டும் அளக்கும் இன்ஜினில் இதே கசிவு டிரிமில் அவ்வளவாகத் தெரியாது, ஐட்லிங் வேகம் ஏறி நிற்கும். ஐட்லிங்கில் சரியாக இருந்து சுமை ஏற ஏறக் கூடிக்கொண்டே போனால், எரிபொருள் பம்ப், ஃபில்டர், அல்லது குறைத்துக் காட்டும் காற்றளவு சென்சார். டிரிம் எல்லா இடத்திலும் கழித்தலில் நின்றால் பெரிய இன்ஜெக்டர், அதிக அழுத்தம், ஒழுகும் இன்ஜெக்டர்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு, பலர் தடுமாறுவது இதில்தான். டிரிம் கூடுதல் 15 என்று காட்டுவதால் 15 சதவீதம் எரிபொருள் வீணாகிறது என்று பொருள் அல்ல. இசியு தன் கணக்கில் இருந்த பிழையைத் திருத்தி, கலவையைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது என்பதே பொருள். திருத்தம் சரியாக நடந்தால் மைலேஜ் அதிகம் பாதிக்காது. பாதிப்பது மூன்று இடங்களில்: திருத்தமே நடக்காதபோது, திருத்தச் சொல்லும் சென்சாரே ஏமாறும்போது, தவறான காற்றளவை வைத்து இக்னிஷன் டைமிங்கும் தவறிப்போகும்போது. முதலாவதைப் பார்த்துவிட்டோம்.

ஏமாறும் ஆக்சிஜன் சென்சார்

ஹெடரோ எக்ஸாஸ்டோ மாற்றிய வண்டியில் மைலேஜ் திடுமென விழுந்தால் முதல் சந்தேகம், சென்சாருக்கு முன்னால் உள்ள கசிவு. எக்ஸாஸ்ட் குழாய்க்குள் அழுத்தம் துடிப்பாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே சிறிய இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பார்த்துக் கலவை லீன் (எரிபொருள் குறைவு) என்று சொல்லும். இசியு எரிபொருளைக் கூட்டும். டிரிம் கூடுதலில் நிற்க, உள்ளே எரிவதோ ரிச் (எரிபொருள் கூடிய) கலவை. ஸ்கேனரும் லீன் என்பதால், பார்ப்பவர் வேக்குவம் கசிவைத் தேடி நாள்களைக் கழிப்பார்.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். டிரிம் லீன் என்கிறது, பிளக்கோ கரி பூசிக்கொண்டு கறுப்பாக இருக்கிறது என்றால் இந்தக் கசிவுதான். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்ற சத்தம் கேட்டு, சூடானதும் உலோகம் விரிந்து அடங்கிப்போவதும் இதன் அடையாளம். கேஸ்கெட் ஓரத்தில் கறுப்புக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை நிறுத்தி ஆறவைத்து, சைலன்சர் முனையில் வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிப் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

தீர்வு புது கேஸ்கெட், நிறுவனம் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முடுக்குவது, ஒருமுறை சூடேறி ஆறிய பிறகு மீண்டும் சரிபார்ப்பது. விளிம்பு வளைந்திருந்தால் புது கேஸ்கெட்டும் சில வாரத்தில் ஊதிவிடும், அதைச் சமப்படுத்தியே மாட்ட வேண்டும். சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று குறிப்பிடாத சிலிக்கான் சீலன்டைப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரையே கெடுத்துவிடும்.

காற்றளவு சென்சாரும் டைமிங்கும்

காற்றளவு சென்சார் உட்கார்ந்திருக்கும் குழாயின் விட்டம் மாறினால் அது காட்டும் அளவும் மாறும். உள்விட்டம் 60 மி.மீ. இருந்த இடத்தில் 65 மி.மீ. குழாய் வந்தால் பரப்பு 17 சதவீதம் கூடும், சென்சாரைத் தொட்டுப்போகும் காற்றின் வேகம் அதற்கேற்பக் குறையும், காற்று குறைவாக வருகிறது என்று இசியு நம்பும். எரிபொருளை டிரிம் சரிசெய்துவிடும். டைமிங்கைச் சரிசெய்ய ஆளில்லை. சுமை குறைவு என்று நினைத்து இசியு ஸ்பார்க்கை முன்னதாகக் கொடுக்கும், இன்ஜின் நாக் ஆகும் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும்), நாக் சென்சார் டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும். மைலேஜ் அங்கேதான் போகிறது. மூல சென்சார் குழாயையே பயன்படுத்துங்கள், அல்லது புதுக் குழாய்க்கேற்ப ரீமேப்பில் சென்சார் அட்டவணையைத் திருத்தச் சொல்லுங்கள். வளைவை ஒட்டியே சென்சாரை வைத்தால் சுழலும் காற்றில் அளவு தள்ளாடும். முன்னால் கொஞ்சமாவது நேரான குழாய் வேண்டும்.

எண்ணெய் பூசிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் கூடிவிட்டால் அது சென்சார் கம்பியில் படியும். சென்சாருக்கென்றே உள்ள கிளீனரால் மட்டும் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மாட்டுங்கள். துணியோ விரலோ படக் கூடாது.

திறந்த கோன் ஃபில்டர் போனெட்டுக்குள் ரேடியேட்டர் சூட்டை உறிஞ்சுவதும் உண்டு. ஓடும் வண்டியில் உள்வரும் காற்று வெளி வெப்பநிலையைவிட 10, 15 டிகிரிக்கு மேல் ஏறி நின்றால் தடுப்புத் தகடு வையுங்கள். சூடான காற்றுக்கு இசியு டைமிங்கைக் குறைக்கும்.

கம்ப்ரெஷனைக் கூட்டியவர்கள் நாக் ரிடார்ட் (நாக்கைத் தவிர்க்க டைமிங் எத்தனை டிகிரி பின்னுக்குப் போகிறது என்ற) அளவைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 9-இலிருந்து 10-க்கு ஏற்றினால் கொள்கை அளவில் வெப்பத்திறன் ஏறக்குறைய 3 சதவீதம் கூடும். மேடேறும்போதெல்லாம் டைமிங் சில டிகிரி பின்வாங்கினால் அந்த லாபம் முழுதும் கரைந்துவிடும். ஆக்டேன் எண் உயர்ந்த எரிபொருளை ஒரு டேங்க் போட்டுப் பாருங்கள். ரிடார்ட் மறைந்து மைலேஜ் ஏறினால் காரணம் தெரிந்துவிட்டது. ஹெட்டைச் சீவிக் கம்ப்ரெஷன் கூட்டியிருந்தால் இன்னொன்றையும் சோதியுங்கள். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் மேலே உள்ள இன்ஜினில் ஹெட் இறங்கும்போது கேம் டைமிங் சற்றுப் பின்தங்கும். சீவிய அளவு அதிகமென்றால் நகர்த்தக்கூடிய கேம் புல்லி போட்டுத் திருத்த வேண்டும்.

கேம், டர்போ, இன்ஜெக்டர்

பெரிய கேம்ஷாஃப்ட் போட்டு மைலேஜ் குறைந்தது என்றால் அதைக் கோளாறாகத் தேட வேண்டாம், அது அந்தக் கேமின் இயல்பு. இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும்போது குறைந்த ஆர்.பி.எம்.-இல் இழுவை குறையும், வேக்குவமும் குறையும். அழுத்தத்தை மட்டும் அளக்கும் இசியு அதைச் சுமை என்று எண்ணிக் கூடுதல் எரிபொருள் தரும். ரீமேப்பால் ஓரளவு மீட்கலாம், முழுதும் அல்ல. மைலேஜ்தான் முக்கியம் என்றால் பழைய கேமுக்குத் திரும்புங்கள்.

டர்போ வண்டியில் காற்றளவு சென்சாருக்குப் பிறகு குழாயில் கசிவு இருந்தால், அளந்த காற்று வெளியே போய்விடும், எரிபொருள் மட்டும் அதே அளவு போகும். வெளிக்காற்றில் ஊதிவிடும் புளோ ஆஃப் வால்வும் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் இதைத்தான் செய்கிறது. காற்றைத் திரும்ப இன்டேக்குக்கே விடும் வகையைப் போடுங்கள். டீசலில் இன்டர்கூலர் குழாய்க் கசிவு கறும்புகையாகவும் இழுவைக் குறைவாகவும் தெரியும்.

பெரிய இன்ஜெக்டர் போட்டு, ஓட்டத்தில் டிரிம் சரியாக இருந்து ஐட்லிங்கில் மட்டும் விலகினால், இன்ஜெக்டர் திறக்க எடுத்துக்கொள்ளும் தாமத நேரம் ரீமேப்பில் தவறாக உள்ளது. ஏறக்குறைய 1 மில்லிவினாடிதான், ஆனால் ஐட்லிங்கில் மொத்தத் திறப்பு நேரமே 2, 3 மில்லிவினாடி. பேட்டரி வோல்டேஜுக்கேற்ப அது மாறவும் செய்யும். தயாரிப்பாளர் தரும் அட்டவணையை அப்படியே ஏற்றச் சொல்லுங்கள்.

கார்புரேட்டர் இன்ஜினில் முதலில் டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் குழாய் மாட்டியிருக்கிறதா, சவ்வு கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது கழன்றிருந்தால் பயண வேக மைலேஜ் நிச்சயம் அடிபடும். எரிபொருள் வரும் துளையான ஜெட்டின் அளவில், 120-க்குப் பதில் 125 போட்டால் துளையின் பரப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. சிறிய எண் மாற்றம் என்று நினைக்க வேண்டாம்.

ரீமேப் செய்தவரிடம் கேட்க வேண்டியவை

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எரிபொருளை முழுதாக நிறுத்தும் வசதி இன்னும் இயங்குகிறதா? எக்ஸாஸ்டில் வெடிச்சத்தம் வேண்டும் என்பதற்காக அதை நிறுத்திவிடுவது வழக்கம். இறக்கத்திலும் சிக்னலை நெருங்கும்போதும் சும்மாவே எரிபொருள் போகும். பதிவில் கால் எடுத்த இடத்தில் இன்ஜெக்டர் நேரம் பூஜ்யத்துக்கு விழ வேண்டும். பயணச் சுமையில் லாம்டா (காற்று, எரிபொருள் விகிதம்; 1 என்றால் சரியான கலவை) இலக்கு 1 தானா, முழு த்ராட்டிலுக்கான ரிச் கலவை எந்த அளவு மிதியில் தொடங்குகிறது, ஐட்லிங் வேகம் ஏற்றப்பட்டதா என்றும் கேளுங்கள். டைனோவில் (இன்ஜின் திறனை அளக்கும் இயந்திரத்தில்) முழு த்ராட்டில் மட்டும் டியூன் செய்து, பாதிச் சுமைப் பகுதியைத் தொடாமல் விட்ட ரீமேப்பில் மைலேஜை எதிர்பார்க்க இடமில்லை.

இன்ஜினுக்கு வெளியே

அகலமான சக்கரம், கனமான அலாய், இறக்கிய சஸ்பென்ஷனால் தவறிய அலைன்மென்ட், பெரிய பிரேக் போட்டபின் முழுதாக விலகாத காலிப்பர் எல்லாம் இன்ஜின் மீது பழியைப் போடவைக்கும். 20 கி.மீ. ஓட்டி, பிரேக்கை அதிகம் மிதிக்காமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் சூட்டையும் தொலைவெப்பமானியில் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் தனித்துச் சூடாக இருந்தால் அது உரசுகிறது. இன்ஜினைப் பிரித்துக் கட்டியிருந்தால் ரிங் படிய முதல் 1,000, 2,000 கி.மீ. ஆகும். அதுவரை அளக்காதீர்கள். நிறுவனம் 5டபிள்யூ-30 ஆயில் சொன்ன இடத்தில் அதைவிடக் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தால் அதையும் மாற்றுங்கள்.

கடைசிச் சோதனை

எல்லாம் சரியாக இருந்தும் விடை கிடைக்கவில்லை என்றால், சந்தேகப்படும் ஒரே ஒரு பாகத்தைக் கழற்றிப் பழையதை மாட்டுங்கள். அதே பாதை, அதே வேகம், அதே எரிபொருள், அதே டயர் அழுத்தத்தில் மூன்று நிரப்பல் அளவுங்கள். பிறகு புதிய பாகத்தை மீண்டும் மாட்டி இன்னும் மூன்று நிரப்பல் அளவுங்கள். பழையதில் ஏறி, புதியதில் மறுபடி இறங்கினால்தான் அந்தப் பாகம் குற்றவாளி. ஒருமுறை மட்டும் மாற்றிப் பார்த்தால் காற்றும் வெயிலும் போக்குவரத்தும் செய்த வேலையைப் பாகத்தின் தலையில் கட்டிவிடுவீர்கள். இரண்டு பாகங்களை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய பாகங்களை, போல்ட்டும் கேஸ்கெட்டும் சேர்த்து, இந்தச் சோதனை முடியும்வரை விற்காமல் வைத்திருங்கள்.